கப்பல்துறையில் திரும்பிய பதினேழாம் இலக்கம்

என்னைத் தோளில் தூக்கித் திரிந்த என் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் இன்றோடு முப்பத்தைந்து நாள். உங்களுக்கு இனி விலாசம் இல்லை என்பது தெரியும். ஆனாலும் எனக்கு எதையும் எழுதிப் பார்த்தால்தான் விளங்கும், வாயால் சொல்ல வராது. "இவன் பசிக்குது எண்டதையும் மூண்டு பிரதியிலதான் சொல்லுவான்" என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பீர்கள்! இதையும் மூன்று பிரதி எடுக்கப் போகிறேன். ஒன்று பத்திரிகைக்கு. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிக் கழுவி மணந்து பார்க்கிறேன். ஊதா மையின் மணம் இன்னும் விரலில் இருக்கிறது. இல்லை என்று அயல் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு இருக்கிறது.

சனிக்கிழமை, முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டி. டச்சுக்குடாக் கடற்கரையில் காலையிலேயே கிரியை தொடங்கிவிட்டது. உங்கள் மகன் பிரதீபன் ரொறன்ரோவிலிருந்து ஒரு பறக்கும் கமரா கொண்டுவந்திருந்தான். அது தலைக்கு மேலே குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டது போல இரைந்துகொண்டிருந்தது. ஐயர் சொன்ன மந்திரம் எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. உங்கள் காதில் விழுந்ததா?

எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிந்ததும் பிரதீபன் ஐயருக்குக் கிட்டப் போனான். "ஐயா, அந்தத் தண்ணி விடுறதை மட்டும் இன்னொருக்காச் செய்யேலுமே? வெளிச்சம் சரியா விழேல்ல" என்றான். ஐயர் என்னைப் பார்த்தார். குடும்பத்தில் மூத்தவன் இனி நான்தானே. நான் மணலைப் பார்த்தேன். ஆகவே உங்களுக்கு இரண்டு தரம் தண்ணீர் இறைத்தோம், அண்ணா. முதலாவது உங்களுக்கு. இரண்டாவது கமராவுக்கு.

பிரதீபன் கெட்ட பிள்ளை இல்லை. உங்கள் சாம்பலைக் கடலில் கரைத்த அன்று அவன் அழுத அழுகை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு என் மேலேயே சந்தேகம் வருகிறது. இது அருவருப்பா, அல்லது வயதுபோனவனின் நெஞ்சுப் புளிப்பா? எழுதி முடிக்கும்போது தெரியும் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதிலிருந்து தொடங்குவதுதான் முறை. கடைசிக்கு முதல் நாள், மத்தியானம். மச்சாள், உங்கள் மனைவி, கன்ரீனுக்குப் போயிருந்தா. நீங்கள் என் கையைப் பிடித்து, "கோப்பையைக் கொண்டுபோய்க் குடு. ஆருக்கு எண்டு உனக்குத் தெரியும்" என்றீர்கள். "எல்லாருக்கும் முன்னால சொல்லிக் குடு" என்றும் சொன்னீர்கள். ஐம்பத்தைந்து வருடத்தில் அதைப் பற்றி நாம் இருவரும் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் "ஓம்" என்றேன். ஆருக்கு என்று கேட்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எனக்குப் பதினெட்டு, அண்ணாவுக்கு இருபது. சித்திரை வருடப்பிறப்புக்கு ஊர்க் கழகம் ஒன்று மரதன் ஓட்டம் வைத்தது. பட்டினத்தில் தொடங்கிக் கண்டி வீதியால் கப்பல்துறை வரை போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பும் இடத்தில் ஒரு தார்ப் பீப்பாய். அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இடைவழியில் திரும்பி வந்து ஏமாற்றாமல் இருக்க, பீப்பாயடியில் ஒருவர் இருந்து ஓட்டக்காரரின் மணிக்கட்டில் ஊதா மை முத்திரை குத்துவார், இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவார். அந்த ஒருவர் நான். என் எழுத்து அழகாக இருந்ததால் என்னைப் போட்டார்கள்.

யாரும் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இலக்கத்துக்கு ஒரு நிரல், நேரத்துக்கு ஒரு நிரல், குறிப்புக்கு ஒரு நிரல். மை காய்ந்துவிடக்கூடாது என்று மைத்தட்டைப் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து இறுக்கி மூடியிருந்தேன். இரண்டாவது நிரலுக்குக் கோடு போடும்போது வீதியில் காலடி கேட்டது. கிண்ணியா யாசீன். பதினேழாம் இலக்கம். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒருவரும் இல்லை.

பீப்பாயில் கையால் அடித்தார். கையை நீட்டினார். "குத்து தம்பி, குத்து!" ரின்னின் மூடி கழலவில்லை. நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்தேன். அவர் நின்ற இடத்திலேயே ஓடியபடி ஐந்து நிமிடம் போலத் தோன்றிய சில விநாடி பார்த்தார். பிறகு "பாத்தீங்கதானே!" என்று கத்திவிட்டு ஓடிவிட்டார். மூடி கழன்றபோது நீங்கள் வந்தீர்கள், அண்ணா. உங்கள் கையில் குத்தினேன். முத்திரை குத்தியவரைத்தான் எழுத வேண்டும் என்பது ஒழுங்கு, அதனால் கொப்பியின் முதல் வரியில் உங்கள் இலக்கத்தை எழுதினேன். கோடு நேராக இருந்தது.

முடிவிடத்தில் நடுவர்கள் யாசீனின் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். முத்திரை இல்லை. "அந்தத் தம்பியிட்டக் கேளுங்க" என்று அவர் சொன்னாராம். நான் லொறியில் வந்து இறங்கும் வரை காத்திருந்தார்கள். "பதினேழு பதிவில இருக்கோ?" என்று கேட்டார்கள். அவ்வளவு சனம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொப்பியைத் திறந்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். "பதிவில இல்லை, சேர்" என்றேன்.

அது பொய்யில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. பிறகு அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தாறு வருடம் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்து, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற எத்தனை பேருக்கு அதே சொல்லை அதே குரலில் சொல்லியிருப்பேன்! பதிவில் இல்லை. நாளைக்கு வாங்கோ.

நீங்கள் கழுத்தில் துவாயோடு நின்றீர்கள். சீனக்குடாவுக்கு அந்தப் பக்கம் யாசீன் எதிரே திரும்பி வந்ததை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். ஒரு வீதி, ஒரு வழி, காணாமல் இருக்க வழியே இல்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். கோப்பையை உங்கள் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அது உங்கள் மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில் இருந்தது. நான் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டும் கதிரையில்தான் இருந்திருக்கிறேன். கவனித்தீர்களா?

இனி நினைவு மலர். முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் மலரில் உங்கள் வாழ்க்கை வரலாற்றை எழுதும் வேலை எனக்கு வந்தது. நான்கு நாள் விடியற்காலையில் இருந்து எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். உங்கள் சொல்லை நிறைவேற்ற இதுதான் எனக்கு ஏலுமான வழி என்று பட்டது. எழுதினால் நடுங்க மாட்டேனே.

பிரதீபன் அச்சகத்திலிருந்து போன் எடுத்தான். "சித்தப்பா, அந்த மூண்டாம் பக்கம் என்னது? செத்தவீட்டுப் புத்தகத்தில ஆரும் இப்பிடி எழுதுவினமே?"

"அப்பா சொல்லச் சொன்னவர், தம்பி."

"அப்பா மருந்து மயக்கத்தில கதைச்சவர். என்னை அடிக்கடி தன்ர தம்பி எண்டு கூப்பிட்டவர். அதையும் எழுதுறதோ? நான் மாத்திக் குடுக்கிறன். என்ன?"

நான் "உன்ர விருப்பம்" என்றேன். இரண்டு சொல். எண்ணிப் பார்த்தால் "பதிவில இல்லை" என்பதும் இரண்டு சொல்தான்.

மலர் வந்தது. மூன்றாம் பக்கத்தில் "மரதன் ஓட்டத்தில் எவரும் நெருங்க முடியாத வேகத்தில் முதலிடம் பெற்ற வீரத்திருமகன்" என்று இருக்கிறது. கீழே தடித்த எழுத்தில், தொகுப்பு என்று போட்டு என் பெயர். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அச்சுப் படியை நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு யாசீன் நானா வந்திருந்தார். கிண்ணியாவில் அண்ணனை நானா என்பார்கள். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, கைத்தடி. பின்வரிசைக் கதிரையில் இருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது போல அவருக்கும் மலர் கொடுத்தார்கள். நான் தூணோடு நின்று பார்த்தேன். கண்ணாடியைப் போட்டு முதல் பக்கம் வாசித்தார். இரண்டாம் பக்கம் வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்து, சின்னப் பிள்ளைகள் வாசிப்பது போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பிறகு எழும்பி நேரே என்னிடம் வந்தார்.

"எழுத்து அழகா ஈக்கி தம்பி. எப்பவும் ஒங்கட எழுத்து அழகுதான்" என்றார். சாப்பிடாமல் போனார்.

பின்னால் போகாமல் நின்றேன். என் முன்னால், பிரதீபன் அச்சடிப்பித்த மஞ்சள் ரீசேட் போட்ட ஒருவர் குனிந்து பாயாசம் பரிமாறிக்கொண்டிருந்தார். முதுகில் உங்கள் முகம். வியர்வையில் ஒட்டி, உங்கள் வாய் அவரின் முதுகெலும்புப் பள்ளத்துக்குள் போய்வந்துகொண்டிருந்தது. நான் குசினிப் பக்கம் போய்ச் சத்தி எடுத்தேன், குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. வெயில் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஞாயிறு ஓட்டம். நினைவோட்டம் என்று பிரதீபன் பெயர் வைத்திருந்தான். டச்சுக்குடாவில் தொடங்கி, உட்துறைமுக வீதியால் போய்த் திரும்பி வருவது. கப்பல்துறை வரை இப்போது யார் ஓடுவார்கள்? "சித்தப்பா, நீங்கள்தான் அண்டைக்குத் திரும்புற இடத்தில இருந்தனீங்கள். இண்டைக்கும் நீங்கள்தான். எவ்வளவு வடிவான கதை!" என்று என் தோளில் தட்டினான். பந்தலுக்குக் கீழே மேசை, கதிரை, புது மைத்தட்டு. முத்திரையை அவன் ரொறன்ரோவில் செய்வித்து எடுப்பித்திருந்தான். றப்பரில் உங்கள் சிரித்த முகம்.

இருநூறு பேர் வரை வந்தார்கள். வியர்த்த மணிக்கட்டுகள், மயிர் மணிக்கட்டுகள், வாசனைத் தைலம் பூசிய மணிக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் உங்களைக் குத்தினேன். சிலர் நான் குத்தும்போது போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள். மை வியர்வையில் கரைந்து, கொஞ்சத் தூரம் போவதற்குள் உங்கள் கண்ணும் மூக்கும் ஒன்றாகிவிட்டன. ஒருத்தி அதைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு ஓடினாள். அவளைக் குற்றம் சொல்ல ஏலாது. நானே துடைத்திருப்பேன்.

அவர்களுக்குக் கொடுத்த தண்ணீர்ப் போத்தலிலும் உங்கள் முகம் ஒட்டியிருந்தது. குடித்துவிட்டு வீதியில் எறிந்தார்கள். நீங்கள் உருண்டீர்கள், மிதிபட்டீர்கள், சாக்கடைக் கானுக்குள் விழுந்தீர்கள். பட்டினத் தெருக்களில் திரியும் மான்கள் வீதியோரம் வந்தன; ஒரு கொம்பன் உங்கள் முகம் போட்ட தாளை உரித்து வாயில் போட்டு அசைபோட்டது. என் கண்ணைப் பார்த்தபடி அசைபோட்டது. நான் "சூ" என்று சொல்லக்கூட எழும்பவில்லை.

எல்லாரும் திரும்பிப் போய், பந்தல்காரர்கள் கயிறு அவிழ்க்க வந்த நேரம், தூரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. கைத்தடி ஊன்றி நடந்து வந்தார். சாரத்துக்கு மேலே மஞ்சள் ரீசேட். நெஞ்சில் ஊசி குத்திய இலக்கத் துண்டு. பதினேழு இல்லை, இருநூற்றுச் சொச்சம். மேசையில் கையால் தட்டினார். கையை நீட்டினார்.

"குத்து தம்பி" என்றார். "மூடி தொறந்து ஈக்கிதா?"

நான் முத்திரையை எடுத்தேன். எடுத்த பிறகுதான் அதில் இருப்பது உங்கள் முகம் என்று நினைவு வந்தது. கை அந்தரத்தில் நின்றது.

"என்னா, ஒங்கட அண்ணன்ட மூஞ்சிய என்ட கையில குத்தப் போறீங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துத்தான் சொன்னார். அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

முத்திரையை வைத்துவிட்டேன். "நானா, ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டேன். எவ்வளவு மடைத்தனமான கேள்வி!

"ஒங்கட அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்து போன் எடுத்தாரு. 'தம்பி எல்லாருக்கும் முன்னால செல்லுவான், வாங்க' எண்டாரு. நேத்து வந்தன். புத்தகத்தப் படிச்சன். சரி, எழுத்தில இல்லாட்டி வாயால செல்லுவாரு எண்டு இண்டைக்கும் வந்தன்."

அண்ணா, நீங்கள் அவருக்குப் போன் எடுத்தீர்கள். போனில் நீங்களே சொல்லியிருக்கலாமே? உங்களுக்கு ஐம்பத்தைந்து வருடம் இருந்தது, நல்ல குரல் இருந்தது, கூட்டத்தில் பேசப் பயம் இருக்கவில்லை. கோவில் கூட்டம், சங்கக் கூட்டம் என்று எதில் நீங்கள் பேசவில்லை? இதை மட்டும் என் தலையில் வைத்துவிட்டுப் போனீர்கள். செத்தவரைப் பற்றி இப்படி எழுதக்கூடாது என்பார்கள். நீங்களும் ஒரு கோழைதான். நாம் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அதில்தான் தெரிகிறது.

அவரோடு சேர்ந்து திரும்பி நடந்தேன். இடப்பக்கம் துறைமுகத் தண்ணீர், வலப்பக்கம் உங்கள் போத்தல்கள். நானா ஒவ்வொன்றையும் கைத்தடியால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்.

"மூடி இறுகின எண்டு அண்டைக்கு ஏன் செல்லல்ல?"

"அவை கேட்டது பதிவில இருக்கோ எண்டு, நானா."

"அப்ப கேட்டவன்ட பிழையா?"

அடுத்த போத்தலை நான் குனிந்து எடுத்தேன். 

"கிண்ணியாவில என்ட பேர் தெரியுமா ஒங்களுக்கு? குறுக்கால யாசீன். அரைவழியில குறுக்கால திரும்பினவன் எண்டு. என்ட மகளப் பாக்க வந்த மாப்பிள்ள வீட்டாக்கள் சந்தையில நிண்டு, 'குறுக்கால யாசீன்ட வீடு எது?' எண்டு கேட்டிருக்காங்க. அவங்களுக்கு அது ஒரு பேர், அவ்வளவுதான். என்ட வீடு சந்தைக்குப் பக்கத்திலதான், மகள் உள்ளுக்கு இருந்து கேட்டுக்கிட்டு ஈந்தா." மூச்சு வாங்க நின்றார். "நான் மவுத்தாப் போனாலும் பள்ளிவாசல் ஸ்பீக்கரில அந்தப் பேரச் செல்லித்தான் அறிவிப்பாங்க தம்பி. இல்லாட்டி ஆக்களுக்கு ஆரெண்டு விளங்காது. எனக்கு எழுபத்தாறு. கோப்பை எனக்கு என்னத்துக்கு? பேர மட்டும் எடுத்துத் தாங்க."

"சொல்லுறன், நானா" என்றேன்.

"சத்தமாச் செல்லுங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசையில், நடுவில், உங்கள் கோப்பை. அறிவிப்பாளர் என் பெயரைச் சொல்லி, அந்த நாள் ஞாபகம் ஒன்று சொல்லும்படி கூப்பிட்டார். பார்த்தீர்களா, எனக்கு எழும்பக்கூட வேண்டியிருக்கவில்லை. மைக் கையில் வந்தது. சனம் முழுக்க முன்னால் நின்றது. யாசீன் நானா முதல் வரிசையில், கைத்தடியில் இரண்டு கையும் வைத்து, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது இதுதான், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்: "அன்று நான் வைத்த பதிவில் ஒரு தவறு நேர்ந்திருக்கலாம். கிண்ணியா யாசீன் அவர்களும் அந்த ஓட்டத்தில் மிகச் சிறப்பாக ஓடினார் என்று சொல்ல விரும்புகிறேன்."

நேர்ந்திருக்கலாம்! அவர்களும்! மிகச் சிறப்பாக! கச்சேரிக் கடிதம் மாதிரி வழுக்கி வழுக்கிப் போனது என் நாக்கு. சொல்லும்போதே தெரிந்தது. நிறுத்தவும் ஏலவில்லை, திருத்தவும் ஏலவில்லை. சனம் கைதட்டியது. விசிலடித்தது. பிரதீபன் மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, தோத்தவரையும் கூப்பிட்டுக் கௌரவிக்கிற மனசு. இதுதான் அப்பா எங்களுக்குத் தந்திட்டுப் போன சொத்து!" என்றான். யாரோ ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து நானாவின் தோளில் போர்த்தினார்கள். தோல்வியிலும் தளராதவர் என்றார் அறிவிப்பாளர். உங்கள் முகம் போட்ட பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். கமரா தலைக்கு மேலே வந்து நின்று இரைந்தது.

நானா எல்லாம் முடியும் வரை அசையாமல் நின்றார். பிறகு பொன்னாடையை மடித்தார். நான்காக, எட்டாக. என்னிடம் வந்து என் கையில் வைத்தார். "இது ஒங்கடது தம்பி. அண்டைக்கும் இண்டைக்கும் செயிச்சது நீங்கதான்" என்றார்.

திங்கட்கிழமை பின்னேரம் உங்கள் வீட்டுக்குப் போனேன். பிரதீபன் கோப்பையைத் தன் குளிர்ச்சட்டைக்குள் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான். மச்சாள் வாசலில் கதிரை போட்டு வெளியே பார்த்தபடி இருந்தா.

"தம்பி, அது யாசீன் நானாவுக்குச் சேர வேண்டியது" என்றேன். இந்தத் தரம் தெளிவாகத்தான் சொன்னேன். அறையில் ஒரு ஆள் மட்டும் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

அவன் கட்டிலில் இருந்துவிட்டான். "சித்தப்பா, நான் போகேக்க எனக்குப் பத்தொன்பது வயசு. பிறகு அப்பாவை நாலே நாலு தரம்தான் பாத்தனான். அங்க என்ர பிள்ளையளுக்கு அப்பப்பா எண்டு காட்ட என்னட்ட என்ன கிடக்கு? இந்தக் கோப்பை ஒண்டுதான். அதையும் பொய் எண்டு சொல்லச் சொல்லுறியளோ?" கண் கலங்கியிருந்தது.

 வெளியே வரும்போது மச்சாள் திரும்பாமலே சொன்னா: "அவர் அதை ஒரு நாளும் கையால தொட்டதில்லை, தம்பி. நான்தான் துடைச்சுத் துடைச்சு வைச்சனான். வெண்டெடுத்த சாமானை ஆரும் தொடாமல் வைப்பினமே?" அப்படியென்றால் அவவுக்கும் தெரியும். இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கிண்ணியாவில் ஒரு மனிதனின் பெயர் மட்டும் அழுகிக்கொண்டு இருந்திருக்கிறது.

கோப்பை செவ்வாய்க்கிழமை பறந்துவிட்டது. நீங்கள் கேட்ட இரண்டில் ஒன்றை நான் செய்யவில்லை, அண்ணா. இனிச் செய்யவும் ஏலாது. மன்னியுங்கள் என்று கேட்கமாட்டேன். உங்களை நானும் முழுதாக மன்னிக்கவில்லை.

எழுதி முடித்தால் தெரியும் என்றேனே. தெரிந்துவிட்டது. பறக்கும் கமராவும் ரீசேட்டும் போத்தலும் அருவருப்புத்தான். ஆனால் அவை ஒரு கிழமையில் கானோடு போய்விடும். சத்தி வந்தது அவற்றால் அல்ல, என்னால்.

இன்று காலை நானாவுக்குப் போன் எடுத்தேன். நெடுநேரம் மணியடித்தது. "வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்ச பிறகு, கிண்ணியாச் சந்தைக்கு வரட்டே? ஒண்டு எழுதியிருக்கிறன். ஆக்களுக்கு முன்னால வாசிக்க வேணும்" என்றேன்.

 "'லாம்', 'லாம்' எண்டு வாசிப்பீங்களா?" என்றார்.

"இல்லை, நானா."

"அப்ப வாங்க. சந்தையில இரைச்சல் கூட. தொண்டைக்கு இஞ்சி போட்டுக் குடிச்சிட்டு வாங்க."

வாசிக்கப் போவதை இங்கே எழுதிவிடுகிறேன். பத்திரிகையில் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை எனக்குப் பின்வாங்க இடமிருக்காது. மிஞ்சிய நினைவு மலர் நாற்பது சொச்சம் என்னிடம் இருக்கிறது. அவற்றின் மூன்றாம் பக்கத்திலும் இதை ஒட்டுவேன். ரொறன்ரோவுக்கும் ஒரு பிரதி போகும், கோப்பைக்குள் போட்டு வைக்கச் சொல்லி.

பதினேழாம் இலக்கம், கிண்ணியா யாசீன், கப்பல்துறைத் தார்ப் பீப்பாயை முதலாவதாகத் தொட்டுத் திரும்பினார். அவர் குறுக்கே எங்கும் திரும்பவில்லை. கண்டவன் நான். மைத்தட்டின் மூடியைத் திறக்காமல் வைத்திருந்தவனும், கேட்டபோது மறைத்தவனும் நானே. இரண்டாவதாக வந்தவர் என் அண்ணா.

பஸ்ஸில் போவேன். என் கால் நடுங்கும், அது உங்களுக்குத் தெரியும். நடுங்கட்டும். நின்றுகொண்டு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கேட்கும் மட்டும் வாசிப்பேன். கேட்கவில்லை என்றால் மறுபடியும் வாசிப்பேன். பள்ளி ஸ்பீக்கருக்கு முதல் நான் போய்ச் சேருவேன், அண்ணா. இந்த ஒரு ஓட்டத்தில்.

உங்களுக்கு இரண்டு வயது இளைய,
பீப்பாயடியில் இருந்த தம்பி,
சிவபாதம்